வகுப்பறை உதவியாளர் வேலையோடு மேற்படிப்பு: இங்கிலாந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பள்ளியின் ஊழியர் அறையில் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வகுப்பறை உதவியாளர் ஒருவர் ஓடிவந்து, “அக்கா, கணக்கு, ஆங்கிலம் இரண்டுக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 பதிவு செய்துவிட்டேன். முடித்த கையோடு ஆசிரியர் பயிற்சிதான்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. (ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்பது அன்றாட வாழ்க்கைக்கும் வேலைக்கும் வேண்டிய கணக்கு, ஆங்கிலத் திறனுக்கான தகுதி.) எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். இந்தக் கல்வியாண்டில் மட்டும் அவரோடு மூன்று பேர் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டார்கள்.

கெடு தவறக் கூடாது, தினமும் படிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் எடுத்துச் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆசிரியராக ஆசைப்பட்டு, ஃபங்ஷனல் ஸ்கில்ஸோடு நின்றுவிடுவது

லெவல் 2 ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் பயனற்ற படிப்பு என்று நான் சொல்லவில்லை. உதவியாளர் வேலைக்கு அது போதும். ஹெச்.எல்.டி.ஏ. எனப்படும் உயர்நிலை உதவியாளர் தகுதிக்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சியில் சேர ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (பள்ளியில் 16 வயதளவில் எழுதும் பொதுத்தேர்வு) நான்காம் தரம் அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் அறிவியலிலும் வேண்டும். அந்த “இணையான தகுதி” என்ற சொல்லை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம். ஃபங்ஷனல் ஸ்கில்ஸ், ஜி.சி.எஸ்.இ. நான்காம் தரம் இரண்டுமே “லெவல் 2” என்ற பெயரில் வருவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றிவிடுகிறது. பயிற்சி தரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஃபங்ஷனல் ஸ்கில்ஸை ஏற்பதில்லை. பாடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். ஜி.சி.எஸ்.இ. கணக்கில் இருபடிச் சமன்பாடு வரும். ஃபங்ஷனல் ஸ்கில்ஸில் வராது.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு குளிர்காலம், செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போவேன். இரண்டு பாடத்திலும் தேறினேன். பி.ஜி.சி.இ. எனப்படும், பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன், நேர்காணலுக்கும் அழைத்தார்கள். மார்ச் மாதம். எதிரே இருந்தவர் என் சான்றிதழ்களைக் கையில் எடுத்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மேசையில் வைத்தார். “ஜி.சி.எஸ்.இ. இருக்கிறதா?” என்று ஒரே கேள்வி கேட்டார். கோடைத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடு அதற்குள் கடந்துவிட்டிருந்தது. தாமதக் கட்டணம் கட்டினால் இடம் தருவார்களா என்று நான் கேட்ட இரண்டு தேர்வு மையங்களும் கைவிரித்தன. நவம்பரில்தான் எழுத முடிந்தது, முடிவு ஜனவரியில் வந்தது. பயிற்சியோ செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஒரு முழு ஆண்டு கையைவிட்டுப் போனது.

இன்றும் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. வயது 19 நிரம்பி, நான்காம் தரம் இல்லாமல், வசிப்பிட நிபந்தனையும் பொருந்தினால் இங்கிலாந்தில் இந்த இரண்டு பாடங்களுக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸும் இலவசம், ஜி.சி.எஸ்.இ.யும் இலவசம். நான் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. சேர்க்கை மேசையில் இருந்தவர் “இது சீக்கிரம் முடிந்துவிடும், உங்களுக்கு எளிது” என்றார், தலையாட்டிவிட்டேன். நான் என்னவாக விரும்புகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகவே முதலில் நீங்கள் சேர விரும்பும் மூன்று பயிற்சி நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னென்ன தகுதியை ஏற்பீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் இணைத்தகுதித் தேர்வு எழுத விடுவார்கள். ஆனால் ஓரிடத்தில் செல்லும் தேர்வு இன்னோரிடத்தில் செல்லாமல் போகலாம். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகே கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

ஊரில் வாங்கிய பட்டத்தை மறந்துவிடுவது

நம்மவர்களில் பி.எஸ்சி., பி.காம். முடித்த எத்தனையோ பேர் லெவல் 2 உதவியாளர் சான்றிதழில் முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். பட்டம் பெட்டிக்குள் கிடக்கிறது. அதை, வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் யூ.கே. எனிக் அமைப்பிடம் கொடுத்தால் இங்குள்ள எந்தத் தகுதிக்கு இணை என்று எழுதித் தருவார்கள். 2021 வரை இது நாரிக் என்ற பெயரில் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர் என்றால் கட்டணமில்லாமல் பெற வழி உண்டா என்று அரசின் ‘கெட் இன்டு டீச்சிங்’ சேவையில் விசாரித்த பிறகு பணம் கட்டுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் அதற்கான ஆவணத்தையும் தேடி வையுங்கள். என் தோழி ஒருவருக்கு அதிலேயே நான்கு மாதம் போனது.

லெவல் 3 வந்தால் சம்பளம் தானாக ஏறும் என்று நம்புவது

ஏறாது. லெவல் 3 என்பது உதவியாளர் படிப்பில் லெவல் 2-க்கு அடுத்த படி, அவ்வளவுதான். சம்பளம் நீங்கள் வகிக்கும் பதவியைப் பொறுத்தது.

ஹெச்.எல்.டி.ஏ.வை ஆசிரியர் தகுதி என்று எண்ணுவது

33 தரநிலைகளை நிறைவேற்றியிருக்கிறீர்கள் என்று மதிப்பிட்டு வழங்கப்படும் தகுதிநிலை அது. தலைமை ஆசிரியரின் ஆதரவு இல்லாமல் தொடங்கவே முடியாது. நல்ல தகுதிதான், எனக்கும் இருக்கிறது. வகுப்பு முழுவதையும் நடத்தும் துணிச்சலை எனக்குத் தந்ததே அதுதான். ஆனால் அதைப் பெற்றதனால் பள்ளியில் உயர்நிலை உதவியாளர் பதவி கிடைத்துவிடாது. ஆசிரியர் தகுதிக்கான பாதையும் வேறு.

சான்றுகளைக் கடைசி மாதத்தில் தேடுவது

லெவல் 3 டிப்ளோமாவில் நீங்கள் வகுப்பில் செய்ததற்குச் சான்று கேட்பார்கள். ஒலிப்புப் பயிற்சிக் குழுவில் ஒரு குழந்தை ‘ரெயின்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்துத் தடுமாறுகிறது. நடுவில் உள்ள இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி என்று விரலால் சேர்த்துக் காட்டுகிறீர்கள், அது சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஆறு வாரம் கழித்து எழுத உட்கார்ந்தால் “படிக்க உதவினேன்” என்ற ஒரு வரிதான் மிஞ்சும். நான் சட்டைப்பையில் ஒட்டுத்தாள் கட்டு வைத்திருப்பேன். மதிய மணி அடிப்பதற்குள் நாள், பாடம், நான் செய்தது, நடந்தது என்று நான்கு வரி எழுதிவிடுவேன்.

குழந்தையின் பெயர் மட்டும் அதில் இருக்கவே கூடாது. முதலெழுத்தும் வேண்டாம். “குழந்தை அ” என்று எழுதுங்கள்.