ஸ்டோக் ரோ: கிணற்றடியில் தொடங்குங்கள்

ஆக்ஸ்போர்டுஷயரில், சில்டர்ன் மலைமேல் இருக்கிற சின்ன ஊர் ஸ்டோக் ரோ. இங்கே குடிவருகிறீர்கள் என்றால், சாமான்களை இறக்கிவைத்த கையோடு மகாராஜா கிணற்றைப் போய்ப் பாருங்கள். குவிமாடத்தின் கீழே பொன்னிற யானை நிற்கும். இங்கிலாந்துக் கிராமத்தில் இப்படியொரு மண்டபமா என்று நானும் அசந்து நின்றிருக்கிறேன்.

இந்த மேட்டு நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் தங்காமல் ஆழத்துக்கு இறங்கிவிடும், கோடையில் குட்டைகள் வற்றிவிடும். பக்கத்து இப்ஸ்டனில் வளர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்ட இந்தப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் அம்மாவிடம் அடிவாங்கியதை அவர் காசி மன்னர் ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் சொன்னாராம். அதை மனதில் வைத்திருந்த மன்னர் பிற்பாடு பணம் கொடுக்க, 4 அடி அகலத்தில் 368 அடி ஆழத்துக்குக் கையாலேயே தோண்டினார்கள். 1864-ல் திறந்தார்கள். ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் இலவசமாகக் கிடைத்தது. பராமரிப்புச் செலவுக்கென்று பக்கத்திலேயே செர்ரித் தோட்டமும் போட்டார்கள். தாகம் என்றால் என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து வந்த நமக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அக்கம்பக்கத்தாரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

சரி, அன்றாட விஷயங்கள். வீடு பார்க்கும்போதே பஸ் நேரத்தையும் பாருங்கள். கிராமங்களுக்கு வண்டிகள் குறைவு. இந்திய லைசென்ஸில் 12 மாதம்தான் கார் ஓட்டலாம், அதற்குள் இங்குள்ள ஓட்டுநர் தேர்வில் தேறிவிடுங்கள். வயல் நடுவே போகும் பொது நடைபாதையில் யாரும் நடக்கலாம், ஆனால் வழியில் உள்ள கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். ஊராட்சி மாதிரி இங்கே பாரிஷ் கவுன்சில் உண்டு. அதன் கூட்டத்தில் நீங்களும் போய் உட்காரலாம்.

அப்புறம், குளிர். கிராமத்து வீடுகள் பலவற்றில் எரிவாயுக் குழாய் இருக்காது, தோட்டத்து டாங்கில் எண்ணெய் நிரப்பித்தான் வீட்டைச் சூடாக்க வேண்டும். பல ஊர்களில் விலை குறையட்டும் என்று நாலைந்து வீட்டார் சேர்ந்தே ஆர்டர் கொடுப்பார்கள். செப்டம்பரிலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அடுத்த முறை உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.