கால்வாய் ஓட்டத்தில் இரண்டு விளக்கு எரிய வைக்கலாம்

கிருஷ்ணகிரி அணையின் இடது, வலது கால்வாய்களில் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், கரையோரம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆசை வரும்: இதில் ஒரு சக்கரத்தை இறக்கினால் கரண்ட் வராதா? வரும். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் வேகத்தை அளந்துவிடுங்கள்.

1. அனுமதி. கால்வாய் நீர்வளத்துறைக்குச் சொந்தம். எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் எதையும் இறக்காதீர்கள்.

2. வேகம். நேராக ஓடும் இடத்தில் கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை முதல் குச்சிக்குக் கொஞ்சம் மேலேயே மிதக்கவிட்டு, குச்சிக்குக் குச்சி எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். 10 மீட்டரை அந்த விநாடியால் வகுத்தால் வேகம். மேல்தண்ணீர் வேகமாக ஓடும். அதனால் கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்குங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில், தண்ணீருக்குக் குறுக்கே ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் இருக்கும். அரை மீட்டர் வேகத்தில் 62 வாட்தான். பெட்ஸ் எல்லைப்படி, திறந்த ஓட்டத்தில் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. கையால் செய்த சக்கரத்தில், ஓட்டத்தில் உள்ள சக்தியில் ஆறில் ஒரு பங்கு வந்தாலே நல்லது. அரை மீட்டருக்குக் கீழே என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

3. சக்கரம். 315 மி.மீ. பிவிசி குழாயை அரை மீட்டர் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பாதிகளை மேலிருந்து பார்த்தால் S வடிவம் வரும்படி எதிரெதிரே வைத்துச் செங்குத்துத் தண்டில் பொருத்துங்கள். சவோனியஸ் சக்கரம் என்பது இதுதான். 1 மீட்டர் வேகத்தில் சுமார் 25 வாட்: இரண்டு 9 வாட் எல்இடி பல்பும் ஒரு செல்போன் சார்ஜும். நாள் முழுக்க ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

4. ஆல்டர்னேட்டர், அதாவது சுழற்சியை மின்சாரமாக மாற்றும் கருவி. சக்கரம் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் சுற்றும். கார் ஆல்டர்னேட்டர் இதற்கு உதவாது. குறைந்த வேகத்தில் ஓடும் நிரந்தரக் காந்த வகையை வாங்கி, சைக்கிள் சங்கிலியில் இரண்டு கட்டமாக வேகத்தைக் கூட்டுங்கள்.

5. பேட்டரி. ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றுவது), கன்ட்ரோலர் (பேட்டரி சார்ஜைக் கட்டுப்படுத்துவது), 12 வோல்ட் பேட்டரி என்ற வரிசையில் இணையுங்கள். பேட்டரி அருகே ஃபியூஸ் கட்டாயம். சோலார் கன்ட்ரோலர் வேண்டாம். பேட்டரி நிறைந்ததும் அது தொடர்பைத் துண்டிக்கும், சுமையில்லாத சக்கரம் தறிகெட்டுச் சுற்றும். மிச்ச மின்சாரத்தை ஹீட்டர் கம்பிக்குத் திருப்பிவிடும் காற்றாலை வகையே சரி. வீட்டு லைனோடு இதை ஒருபோதும் இணைக்காதீர்கள்.

6. இறக்குதல். அகலத்தில் பாதியாவது திறந்திருக்கட்டும். கடைமடைக்காரர் வயிற்றில் அடித்து நமக்கு விளக்கு வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் சாய்வாகக் கம்பித் தடுப்பு வையுங்கள். பிளாஸ்டிக் கவரும் ஆகாயத்தாமரையும் அதில் சேரும், காலையும் மாலையும் கரையில் நின்றபடி கொக்கியால் அள்ளுங்கள். தண்ணீர் நிறுத்தும் தேதி தெரிந்ததும் சக்கரத்தைத் தூக்கி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக் கொட்டகையில் போட்டுவிடுங்கள்.