டெம்பெஸ்டில் பிளகின் போட்டும் லிஸ்டில் வரவில்லையா?

ஓபன்ஸ்டாக் என்கிற ஓபன் சோர்ஸ் மென்பொருளில் கட்டிய கிளவுடை, அதற்கான சோதனைக் கருவியான டெம்பெஸ்ட் வைத்துச் சோதிப்பவர்களுக்கு என்றைக்காவது ஒருநாள் பிளகின் (கூடுதல் டெஸ்ட்கள் கொண்ட தனி பேக்கேஜ்) தேவைப்பட்டே தீரும். நோவா, நியூட்ரான், சிண்டர், கிளான்ஸ், கீஸ்டோன், ஸ்விஃப்ட் ஆகிய ஆறு ஓபன்ஸ்டாக் சர்வீஸ்களுக்கும் அடிப்படை டெஸ்ட்கள் டெம்பெஸ்டுக்குள்ளேயே இருக்கின்றன. லோடு பேலன்சர் (வரும் டிராஃபிக்கைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடுவது) வேலை பார்க்கும் ஆக்டேவியா, டெம்ப்ளேட் வைத்து வளங்களை உருவாக்கும் ஹீட், ரகசியச் சாவிகளைக் காக்கும் பார்பிகன் போன்றவற்றுக்குத் தனித்தனி பிளகின்தான். நெட்வொர்க்கைக் கவனிக்கும் நியூட்ரானுக்கும் கொஞ்சம் ஆழமாகப் போகவேண்டும் என்றால் அதன் பிளகினைத்தான் போட வேண்டும்.

போடுவது ஒரே ஒரு பிப் இன்ஸ்டால் (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கமாண்ட்). அதுவும் சரியான வென்வுக்குள் (பைத்தானுக்கான தனித்த சூழல்) நடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" எனக்கு ஒரு மதியம் முழுக்கத் தின்றது. ஹோம் டைரக்டரியில் வென்வ் இருக்கிறது, ஆக்டிவேட்டும் செய்தாகிவிட்டது, பிராம்ப்டுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் வென்வ் பெயர்கூடத் தெரிகிறது. ஆனால் கைப்பழக்கத்தில் முன்னால் சூடோ (அட்மின் உரிமையோடு ஓட்டும் கமாண்ட்) சேர்த்து பிப் அடித்துவிட்டேன். வெற்றிகரமாக இன்ஸ்டால் ஆனது என்று கடைசி வரியும் வந்தது. டெம்பெஸ்டுக்குத் தெரிந்த பிளகின்களைக் காட்டும் டெம்பெஸ்ட் லிஸ்ட்-பிளகின்ஸ் கமாண்டை அடித்தால் வெறும் தலைப்பு, கீழே ஒன்றுமில்லை. மூன்று முறை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் உறைத்தது: சூடோ என்றதும் வென்வின் பாத் கைவிட்டுப் போய்விடுகிறது, பிப் போய் சிஸ்டம் பைத்தானில் இறங்குகிறது.

ஏன் அப்படி என்றால், டெம்பெஸ்டுக்கு "இந்தா, இதுதான் பிளகின்" என்று நாம் எந்தக் கோப்பிலும் எழுதிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிளகினும் தன்னுடைய செட்டப் கோப்பில் என்ட்ரி பாயின்ட் என்று ஒரு வரி வைத்திருக்கும், டெம்பெஸ்ட் கிளம்பும்போது தான் ஓடிக்கொண்டிருக்கிற பைத்தானில் இன்ஸ்டால் ஆகியிருக்கிற பேக்கேஜ்களை எல்லாம் புரட்டி, தன் பெயரில் என்ட்ரி பாயின்ட் வைத்திருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பைத்தானில் என்ன இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

ஆகவே வரிசை இதுதான். புதிதாக ஒரு வென்வ் உருவாக்குங்கள், ஆக்டிவேட் செய்யுங்கள், டெம்பெஸ்டையும் வேண்டிய பிளகினையும் ஒரே பிப் கமாண்டில் சேர்த்துப் போடுங்கள் (ஆக்டேவியா-டெம்பெஸ்ட்-பிளகின், ஹீட்-டெம்பெஸ்ட்-பிளகின் என்று பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்). சந்தேகமாக இருந்தால் விச் பிப், விச் டெம்பெஸ்ட் இரண்டையும் அடித்துப் பாருங்கள், இரண்டும் வென்வுக்குள் இருக்கிற ஒரே பின் (bin) டைரக்டரியைக் காட்ட வேண்டும். உடனே டெம்பெஸ்ட் லிஸ்ட்-பிளகின்ஸ். இரண்டு பத்தி கொண்ட ஒரு அட்டவணை வரும்: ஒன்றில் பெயர், இன்னொன்றில் என்ட்ரி பாயின்ட். உங்கள் பிளகின் அதில் இல்லையென்றால் மேலே போகாதீர்கள், கான்ஃபிக்கைத் தொட்டுப் பயனில்லை.

சோர்ஸிலிருந்து போடுவதாக இருந்தால் கிட் குளோன்தான் செய்ய வேண்டும். ஜிப்பாக இறக்கி, பிரித்து, பிப் போட்டால் பிபிஆர் என்கிற பேக்கேஜ் வெர்ஷன் தெரியவில்லை என்று சண்டைக்கு வரும், ஏனென்றால் அது வெர்ஷனை கிட் வரலாற்றிலிருந்துதான் எடுக்கிறது. இன்டர்நெட் இல்லாத சர்வர் என்றால், வேறு மெஷினில் குளோன் செய்து, டாட்-கிட் டைரக்டரியோடு சேர்த்து டாராகக் கட்டிக் கொண்டுபோங்கள்.

டெவ்ஸ்டாக் (சோதனைக்காக ஓபன்ஸ்டாக்கை நிறுவித் தரும் ஸ்கிரிப்ட்கள்) ஆட்களுக்குக் கொஞ்சம் வேறு வழி. லோக்கல்.கான்ஃப் கோப்பில் டெம்பெஸ்ட் பிளகின்ஸ் என்கிற வேரியபிளில் (முழுக்கப் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு) குளோன் செய்த பாத்தைக் கொடுத்தால் ஸ்டாக் ஸ்கிரிப்டே போட்டுவிடும், ஒன்றுக்கு மேல் இருந்தால் இடைவெளி விட்டு எழுதுங்கள். ஏற்கெனவே ஸ்டாக் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்துவிட்டது, இப்போதுதான் பிளகின் ஞாபகம் வந்தது என்றால், டெம்பெஸ்ட் டைரக்டரிக்குள் இருக்கிற டாட்-டாக்ஸ் டைரக்டரியில் டெம்பெஸ்ட் என்று ஒரு வென்வ் இருக்கும், அதன் பிப்பை முழுப் பாத்தோடு கூப்பிட்டுப் போடுங்கள். ஆனால் பிறகு யாராவது டாக்ஸை (வென்வ் உருவாக்கி டெஸ்ட் ஓட்டும் கருவி) மைனஸ் ஆர் போட்டு ஓட்டினால் அந்த வென்வ் அழிந்து புதிதாக உருவாகும், உங்கள் பிளகினும் சேர்ந்து போய்விடும். நேற்று ஓடிய டெஸ்ட் இன்று காணோம் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் பிளகின் கோடு அந்தந்த ப்ராஜெக்டின் ரெப்போவுக்குள்ளேயே இருந்தது. 2018 பிப்ரவரியில் வந்த ஓபன்ஸ்டாக்கின் குவீன்ஸ் ரிலீஸை ஒட்டித்தான் எல்லாவற்றையும் தனி ரெப்போவாகப் பிரித்தார்கள். அதற்கு முந்தைய குறிப்பில் பாத் வேறாக இருக்கும், தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

இனி கான்ஃபிக். பிளகினைப் போட்டுவிட்டு அதன் பிறகு டெம்பெஸ்ட் இனிட் அடியுங்கள், தலைகீழாக வேண்டாம். இனிட் உருவாக்கித் தருகிற மாதிரிக் கோப்பில் அப்போது இன்ஸ்டால் ஆகியிருக்கிற பிளகின்களின் ஆப்ஷன்களும் விளக்கத்தோடு வந்துவிடும், எந்த செக்‌ஷனில் என்ன எழுதவேண்டும் என்று அதையே பார்த்துக்கொள்ளலாம். டெம்பெஸ்ட்.கான்ஃப் கோப்பில் சர்வீஸ் அவைலபிள் என்கிற செக்‌ஷன் முக்கியம். ஆக்டேவியாவுக்கு அங்கே லோடு பேலன்சர் என்கிற ஆப்ஷன் ட்ரூவாக இருக்கவேண்டும். ஃபால்ஸாக இருந்தால் டெஸ்ட் ஃபெயில் ஆகாது, சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகும், ரிப்போர்ட்டில் சிவப்பே இல்லையே என்று நாமும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவோம். ஸ்கிப் எண்ணிக்கையைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். நியூட்ரான் பிளகினில் இன்னொரு விஷயம், அதன் சில டெஸ்ட்களுக்கு சிர்ரோஸ் என்கிற குட்டி லினக்ஸ் இமேஜ் போதாது, உபுண்டு மாதிரி முழு இமேஜ் ஒன்றை அட்வான்ஸ்டு இமேஜ் ஆப்ஷனில் கொடுக்க வேண்டும்.

ஓட்டுவதற்கு முன் டெம்பெஸ்ட் ரன் கமாண்டை லிஸ்ட்-டெஸ்ட்ஸ் ஆப்ஷனோடு ஒருமுறை அடியுங்கள். பிளகினுக்கு வேண்டிய ஏதோ ஒரு பேக்கேஜ் இல்லாமல் இம்போர்ட் எரர் வருவதாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஒரே ஒரு பிளகினின் இம்போர்ட் உடைந்தாலும் மொத்த லிஸ்டும் நின்றுவிடும், டெம்பெஸ்டின் சொந்த டெஸ்ட்கள் உட்பட. எது உடைத்தது என்று புரியவில்லையா, ஒவ்வொன்றாக பிப் அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். லிஸ்ட் சுத்தமாக வந்தால் ரெஜெக்ஸ் (பெயரை வைத்து டெஸ்ட்களைப் பொறுக்கும் தேடல் வடிவம்) ஆப்ஷனில் பிளகினின் பைத்தான் பெயரைக் கொடுத்து அதை மட்டும் ஓட்டலாம். அந்தப் பெயரில் ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு வரும், இதில் சறுக்காதவர் குறைவு.

முதல் தடவை எல்லாவற்றையும் ஓட்டாதீர்கள். ஆக்டேவியாவில் பொதுவாக ஒவ்வொரு லோடு பேலன்சருக்கும் ஆம்ஃபோரா என்று ஒரு விஎம் எழும், சின்ன லேப் மெஷினில் நாலைந்து சேர்ந்து எழுந்தால் மெமரி தீர்ந்து எல்லாம் டைம்அவுட்டில் போகும். கன்கரன்சியை (ஒரே நேரத்தில் ஓடும் டெஸ்ட்களின் எண்ணிக்கை) 1 என்று வைத்து ஒரே ஒரு டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டால், மிச்சத்தைத் துடைக்கும் டெம்பெஸ்ட் கிளீனப் கமாண்டை நம்பி இருக்காதீர்கள், அது லோடு பேலன்சர்களைத் தொடாது. ஓபன்ஸ்டாக் கமாண்டில் லோடு பேலன்சர் லிஸ்ட் எடுத்து, மிச்சம் இருப்பதை கேஸ்கேட் (உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கும்) ஆப்ஷனோடு கையால் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ரன் கோட்டாவில் போய் முட்டும்.