யாப்பிங்காச்சோ: கல்லில் உடையாமல் எடுப்பது எப்படி?

எக்குவடோர் மலைப்பகுதிச் சமையலில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. அம்பாத்தோ நகரம் இதற்குப் பேர்போனது. உள்ளே சீஸ் வைத்துத் தட்டிய உருளைக்கிழங்கு, கல்லில் போட்டு வாட்டி எடுப்பார்கள்.

ஒரு கிலோ கிழங்கு. அங்கே பாப்பா சோலா என்ற மாவுக்கிழங்கைப் போடுவார்கள், நாம் பழைய கிழங்காகப் பார்த்து வாங்கினால் போதும். புதுக்கிழங்கு வேண்டவே வேண்டாம், நீர் கோத்துக்கொள்ளும். தோல் சீவி, உப்புப் போட்டு வேகவையுங்கள்.

இதற்கப்புறம்தான் கவனம் வேண்டும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, கிழங்கை அதே பாத்திரத்தில் சிறுதீயில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருங்கள். ஆவி அடங்கி, துண்டுகளின் ஓரம் வெளுத்து மாவு பூத்த மாதிரி ஆகும்போது இறக்கி, சூட்டோடு சூடாக மசிக்க வேண்டும். ஈரம் நின்றுவிட்டால் பிறகு என்ன செய்தாலும் கல்லில் பிளந்துகொள்ளும். மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும், பருப்பு மத்துதான் இதற்குச் சரி. கட்லெட் பழக்கத்தில் சோளமாவு, ரஸ்க்தூள் எதையும் சேர்க்காதீர்கள், கிழங்கின் ருசியே போய்விடும்.

அச்சியோத்தே (அன்னாட்டோ) என்ற சிவப்பு நிற விதையை மிதமான சூட்டில் எண்ணெயில் போட்டால் செம்மஞ்சள் நிறம் இறங்கும், கருகினால் கசக்கும். விதையை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை வதக்கி மசியலில் பிசையுங்கள். விதை கிடைக்காவிட்டால் நிறத்துக்கு மட்டும் துளி மஞ்சள்தூள்.

எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக உருட்டி, குழித்து, சீஸ் வைத்து மூடி, விரல் கனத்துக்குத் தட்டுங்கள். அங்கே கெசியோ என்ற உப்பில்லாத புதுச் சீஸ். துருவிய மொசரெல்லா வைக்கலாம், பன்னீர் உருகாது. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்த இரும்புக்கல், கொஞ்சமே எண்ணெய். நான்ஸ்டிக்கில் அந்த மொறுமொறுப்பு வருவதில்லை. போட்டபின் தொடாதீர்கள், அடி சிவந்ததும் தோசைத்திருப்பி சுலபமாக உள்ளே போகும், அப்போது திருப்பினால் போதும்.

தொட்டுக்கொள்ள, வறுத்த வேர்க்கடலையை நைஸாக அரைத்து, வதக்கிய வெங்காயமும் பாலும் சேர்த்துக் கொதிக்கவிட்ட சாஸ். பக்கத்தில் பொரித்த முட்டை, அவகாடோ, சோரிசோ என்ற மசாலா சாசேஜ்.

பின்சேர்க்கை: சீஸ் வெளியே ஒழுகுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சீஸை ஓரம் வரை பரப்பாமல் நடுவில் மட்டும் அழுத்தி வையுங்கள், மூடிய இடத்தை ஈரக்கையால் தடவிவிடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் நேரே கல்லில் போடுங்கள், வெளியே வைத்துக் குளிர் போகவிட வேண்டாம்.