ஏற்காட்டில் மர டெக்: கழுவுவது, காயவிடுவது, ஸ்டெயின் அடிப்பது

வீட்டு முன்னால் போட்ட மர டெக் (பலகை மேடை) இரண்டே வருஷத்தில் கறுத்து, பிசுபிசுத்துப் போனால் பழி ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் தந்து காக்கும் பூச்சு) டின் மேல்தான் விழும். ஆனால் ஏற்காட்டில் டெக் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஈரம் போகாத பலகையில் ஸ்டெயின் அடிப்பதுதான். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழி தேடும், பூஞ்சைக்கு அதுவே தீனி. எந்த பிராண்ட் என்பதைவிட எந்த மாதம் அடிக்கிறோம் என்பது முக்கியம்.

ஏற்காட்டில் பிப்ரவரி தொடங்கி மார்ச் நடுவரைக்கும் சரியான நேரம். வடகிழக்கு மழை ஓய்ந்து, மூடுபனியும் குறைந்திருக்கும். ஏப்ரல் பிறந்தால் சாயங்காலக் கோடை மழையை நம்ப முடியாது. கீழே சேலத்தில் ஜனவரியிலேயே தொடங்கலாம். அங்கே தொல்லை வெயில்தான்: சூடேறிய பலகையில் ஸ்டெயின் உள்ளே இறங்குமுன் மேலேயே உலர்ந்து பட்டை பட்டையாகக் கோடு விழும்.

முதலில் டெக்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். கால்களில் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா? மரக்கால் நேராக மண்ணில் நிற்கிறதா? நின்றால் கருங்கல் துண்டின் மேலோ கான்கிரீட் மேலோ தூக்கி வைக்காமல் மேலே எதைப் பூசியும் பயனில்லை. பிறகு ஸ்குரூடிரைவர் முனையால் பலகை நுனிகளையும், பலகை சட்டத்தில் உட்காரும் இடங்களையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். அரை சென்டிமீட்டர் மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்குரூ தலையைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்பு வளையம் இருந்தால் அது பூஞ்சை அல்ல. தேக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடும் தண்ணீரோடும் சேர்ந்து உண்டாக்கும் கறை. துருப்பிடிக்காத 304 ரக ஸ்குரூவாக மாற்றுங்கள். 25 மி.மீ. பலகைக்கு 60 மி.மீ. நீளம் வேண்டும்.

பலகை இடைவெளி குறைந்தது 4 மி.மீ. இருக்க வேண்டும். காபித் தோட்டத்து ஓரத்து வீடுகளில் சில்வர் ஓக் இலை இந்தச் சந்துகளில் அடைந்து, செம்மண்ணோடு சேர்ந்து களிபோல இறுகிவிடும். மழை விட்டு நாலு நாள் கழித்துக் கிளறினாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். சட்டம் அழுகத் தொடங்குவது அங்கேதான். பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றைச் சந்துக்குள் விட்டு இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். வருஷத்துக்கு மூன்று முறையாவது இதைச் செய்தால் ஸ்டெயினை விடப் பெரிய பாதுகாப்பு.

கழுவுவதற்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம். பாசியைக் கொல்லும், ஆனால் மரநாரையும் அரித்து மேல்பரப்பைப் பஞ்சாக்கும். சோடியம் பெர்கார்பனேட் என்ற, குளோரின் இல்லாத வெளுப்புத் தூளை 4 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 250 கிராம் கரைத்து ஊற்றி, 15 நிமிஷம் காயாமல் நனைத்து வைத்து, நைலான் பிரஷால் ரேகை ஓடும் திசையில் தேய்க்கவும். கம்பி பிரஷ் தொடவே கூடாது. உடைந்த கம்பித் துகள் ஒவ்வொன்றும் அடுத்த மழையில் கறும்புள்ளியாகும். நன்றாக அலசிய பிறகும் கறுப்பு வளையம் போகாவிட்டால், 4 லிட்டர் நீரில் 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கலந்து அந்த இடத்தில் மட்டும் பூசி, 15 நிமிஷத்தில் ஏராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகளும் நாயும் அருகே வரக்கூடாது.

இனிக் காத்திருக்க வேண்டும். சேலத்தில் நல்ல வெயிலில் இரண்டு நாள், மலையில் நாலைந்து நாள். இரவுப் பனிக்குத் தார்ப்பாய் போட்டால் பலகையில் ஒட்டாமல், காற்றோட்டம் விட்டுத் தூக்கிக் கட்டுங்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். காய்ந்தபின் 60, அடுத்து 80 எண் உப்புத்தாள் போதும். அதற்கு மேல் மழமழப்பாக்கினால் ஸ்டெயின் உள்ளே இறங்காது.

வார்னிஷ் வெளி டெக்குக்கு ஆகாது. மேலே தோல்போலப் படிந்து, ஒரு மழைக்காலம் கழிந்ததும் உரியும், பிறகு முழுதும் சுரண்ட வேண்டியதுதான். மரத்துக்குள் ஊறும் எண்ணெய் ஸ்டெயின் வாங்குங்கள், அதுவும் நிறமுள்ளது. மரம் சாம்பல் பூப்பது புற ஊதா ஒளியால். அதைத் தடுப்பது நிறத்துகள்தான். நிறமற்ற எண்ணெயால் அது முடியாது.

10க்கு 12 அடி டெக் என்றால் 120 சதுர அடி. பழைய மரம் முதல் பூச்சில் லிட்டருக்கு 60 சதுர அடிதான் தரும், இரண்டாவதில் 100 வரை. மொத்தம் மூன்றேகால் லிட்டர் ஆகும், 4 லிட்டராக வாங்குங்கள். குறைந்துபோன அரை லிட்டருக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது பெரிய அலுப்பு, வேறு டின் நிறமும் சற்று மாறும். சிறு டின்களாக வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள்.

காலையில் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, நேர் வெயில் விழாத பக்கமாக வேலை செய்யுங்கள். இரண்டு மூன்று பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் முடிக்கவும். நடுவில் நிறுத்தினால் அங்கே கறுங்கோடு நிற்கும். அறுத்த நுனிகளுக்கு இரட்டிப்பாகக் கொடுங்கள், தண்ணீர் அதிகம் குடிப்பது அவைதான். 15 நிமிஷம் கழித்துச் சாய்ந்து பாருங்கள்: பளபளவென்று மின்னும் இடமெல்லாம் மரம் குடிக்காமல் விட்ட மிச்சம். பழைய வேட்டித் துணியால் துடைத்தெடுக்காவிட்டால் அது வாரக்கணக்கில் ஒட்டும். இரண்டாம் பூச்சுக்கான இடைவெளி டினுக்கு டின் மாறும், அதில் அச்சிட்டபடி செய்யுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்த ஸ்டெயின் உலரும்போது சூடேறும், குவிந்த துணி தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து நடக்கலாம், மேசை நாற்காலியை இன்னும் ஓரிரு நாள் பொறுத்து வையுங்கள். பூந்தொட்டிகளுக்குக் கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஓட்டுச் சில்லு கொடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் நாலைந்து இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்துமுத்தாக நின்றால் கழுவி விட்டாலே போதும். உடனே ஊறிக் கறுத்தால் பிப்ரவரியில் ஒரு பூச்சு.