காட்டுக்காளான்: குடையை மட்டும் பார்த்துப் பறிக்காதீர்கள்

இடி இடித்து நல்ல மழை பெய்த மறுநாள் விடியற்காலையில் புற்றுக்காளான் தேடிக் கிளம்புகிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் அனுபவசாலிகள் காளானைவிட இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். போன வருடம் எந்த வரப்பில், எந்தப் புற்றோரம் முளைத்தது என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். கறையான்கள் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து மேலே எழுவதுதான் புற்றுக்காளான். அதனால் பிடுங்கும்போது வேர் மாதிரி நீண்ட ஒரு தண்டு கீழே ஆழத்துக்குப் போவதைப் பார்க்கலாம். இடம், பருவம், மண்ணுக்குள் இருக்கும் பகுதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு இது. இதில் ஒன்றை விட்டுவிட்டு, குடையின் தோற்றத்தை மட்டும் நம்பும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, காளானைத் தரையோடு வெட்டி எடுப்பது. மண் ஒட்டாது, கழுவ எளிது என்று பலரும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் உலகிலேயே அதிகம் பேரைக் கொன்ற 'டெத் கேப்' காளானின் முக்கிய அடையாளம் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதன் தண்டின் அடியைச் சுற்றிப் பை போல ஒரு வெள்ளை உறை இருக்கும். வெட்டி எடுத்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும். அடையாளம் தெரியாத காளானை ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, அடிவரை முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, ஓர் ஊரில் கற்றதை வேறு மண்ணில் அப்படியே நம்புவது. வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் ஊரில் வைக்கோலில் வளர்க்கும் வைக்கோல் காளானுக்கும் தண்டின் அடியில் உறை உண்டு. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டெத் கேப் வித்தியாசமாகவே தெரியாது. ஐரோப்பாவைச் சேர்ந்த இந்தக் காளான் ஓக் மரங்களோடு சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்விட்டது. 2011 டிசம்பர் 31 இரவு கான்பெராவில் இதைச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தார்கள். வைக்கோல் காளான் என்று நினைத்துப் பறித்திருக்கலாம் என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. ஆசியாவிலிருந்து போனவர்களிடம் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. நன்றாக விரிந்த குடையை வெட்டி, அதன் அடிப்பக்கத்து மடிப்புகள் கீழே பார்க்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் காளானின் விதை போன்ற ஸ்போர் தூள் காகிதத்தில் படிந்திருக்கும். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வெள்ளை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தச் சோதனை ஒரு காளானை ஒதுக்கத்தான் உதவும். நிறம் சரியாக வந்துவிட்டது என்பதற்காகச் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை.

மொட்டாக இருக்கும்போதே பறிப்பது இன்னொரு தவறு. நம் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் மழைக்குப் பிறகு ஒரு பெரிய வெள்ளைக் குடைக்காளான் வரும். குடையின் மேல் பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இளசாக இருக்கும்போது அதன் மடிப்புகள் வெள்ளையாகவே தெரியும். முற்றிய பிறகுதான் பச்சை நிறம் ஏறும், ஸ்போர் தூளும் பச்சை. தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மொட்டில் பறித்தவருக்கு அந்தப் பச்சையைப் பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

அப்புறம் வீட்டுச் சோதனைகள். வெள்ளிக் காசோ பூண்டோ போட்டுக் கொதிக்க வைத்தால் விஷக்காளான் கறுக்கும், பூச்சி அரித்த காளான் நல்லது, தோல் உரிந்தால் சாப்பிடலாம், மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும் என்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நம்ப வேண்டாம். நத்தையும் புழுவும் தின்கிற காளான் மனிதனைக் கொல்லலாம். டெத் கேப்பில் உள்ள அமடாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும், காய வைத்தாலும், குளிரூட்டி உறைய வைத்தாலும் அழிவதில்லை. சுவையும் எச்சரிக்காது. பிழைத்தவர்கள் பலர் அது ருசியாகவே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கைப்பேசிச் செயலிகளை நம்பி அடுப்பில் ஏற்றுவதும் இதே வகைதான். 2023இல் ஆஸ்திரேலியாவில் மூன்று செயலிகளைச் சோதித்தார்கள். அவற்றில் சிறந்ததே சுமார் பாதிக் காளான்களைத்தான் சரியாக அடையாளம் சொன்னது. படத்தில் மண்ணுக்குள் இருப்பது தெரியாது, வாசனையும் ஸ்போர் நிறமும் தெரியாது. பெயரைத் தேடத் தொடங்குவதற்கு ஒரு துப்பாகச் செயலியை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். தெரிந்த காளானையும் தெரியாததையும் ஒரே பையில் போடாதீர்கள். உடைந்த துண்டுகளை வீட்டில் வந்து பிரிக்க முடியாது.

கடைசித் தவறுதான் அதிக உயிரைக் குடிப்பது: சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி அடைவது. அமடாக்சின் தன் வேலையைக் காட்ட 6 முதல் 24 மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். முதலில் வாந்தியும் பேதியும் வரும். பிறகு ஒரு நாள் போல உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அதே நேரத்தில் கல்லீரல் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், குழந்தையும் அதில் உண்டு.

சந்தேகம் வந்த உடனே, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கூடச் சாப்பிட்ட எல்லாரையும், நன்றாக இருக்கிறேன் என்பவரையும் சேர்த்து, அழைத்துப் போக வேண்டும். மிச்சமிருக்கும் சமைத்த காளான், சமைக்காத காளான், குப்பையில் போட்ட அடித்தண்டு, எது கிடைத்தாலும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.