அமெரிக்க-மெக்சிகோ எல்லைப்புற வாழ்க்கையைப் பழைய பத்திரிகைகளில் தேடுவது எப்படி?

முதலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்கிளிங் அமெரிக்கா' தளத்துக்குப் போங்கள், காசு எதுவும் கிடையாது. டெக்சஸ் பக்கம் என்றால் 'போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி', மெக்சிகோ பக்கம் என்றால் அந்நாட்டின் டிஜிட்டல் பத்திரிகைக் காப்பகம்.

எல்லாரும் சறுக்குவது தேடும் சொல்லில்தான். ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பாதிக் கதைதான் கிடைக்கும், ஏனென்றால் 1878-ல் அரிசோனாவின் டூசானில் தொடங்கிய 'எல் ஃப்ரொன்டெரிசோ' மாதிரி பத்திரிகைகள் ஸ்பானிய மொழியில் வந்தவை. ஊர்ப் பெயரையும் கவனியுங்கள்: மெக்சிகோ எல்லை நகரமான இன்றைய சியூடாட் ஹுவாரெஸ் 1888 வரைக்கும் பாசோ தெல் நோர்தே, அதனால் 1880-ஆம் ஆண்டுப் பத்திரிகையில் புதுப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு ஒன்றும் இல்லையே என்று உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம், பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றுவது கணினி. மங்கிய மையில் அது எழுத்தை மாற்றிப் படிக்கும், வரி முடிவில் உடைந்த சொல்லைத் தவறவிடும். ஹொவிதா இதார் என்ற பத்திரிகையாளரைத் தேடுகிறீர்களா? குடும்பப் பெயரை (Idár) மட்டும் போடுங்கள், 'a' மேல் இருக்கும் சாய்கோடு இல்லாமலும் ஒரு தடவை. டெக்சஸின் லாரேடோவில் அவர் குடும்பம் நடத்திய 'லா குரோனிகா' பத்திரிகையை 1911-ஆம் ஆண்டுக்குச் சுருக்கிப் பாருங்கள், அந்த வருடம் அங்கே மெக்சிகோ வம்சாவளியினர் மாநாடு கூடியது.

சிக்கிய செய்தியை மட்டும் வெட்டிக்கொண்டு ஓடாதீர்கள். அதே பக்கத்து விளம்பரங்களையும் திருமண, மரண அறிவிப்புகளையும் படியுங்கள், என்னைக் கேட்டால் ஊர் உயிரோடு இருப்பது அங்கேதான். சேமிக்கும்போது பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண், நிரந்தர இணைப்பு நான்கையும் குறித்துவிடுங்கள்.